கை வைக்காத ஏழாவது சட்டை

அலகை உருவி நாக்கில் திருநீறு வைத்த பிறகும் வடிவம்மாள் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் அலகு இறக்கியவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது தண்ணீர், அடுத்துக் கேட்டது செருப்பு. வடிவம்மாள் இரண்டையும் சைகையில் கேட்டாள். நாக்கு வலிக்கிறதாக்கும் என்று மகள் பூங்கோதை நினைத்தாள். பஸ்ஸிலும் அம்மா பேசவில்லை. ஜெலுத்தோங்குக்கு வந்து, குளித்து, ரசம் கொதிக்க வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை பேசவில்லை. அப்போதுதான் பூங்கோதைக்கு முந்தைய வாரத்துப் பேச்சு நினைவுக்கு வந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவளிடம், அரிசியில் கல் பொறுக்கியபடியே அம்மா சொல்லியிருந்தாள்: "நீல ஐசி கார்டு கைக்கு வர்ற வரைக்கும் இந்த வாயத் தெறக்கறதில்லைன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

பூங்கோதை "ம்" என்றிருந்தாள். அம்மா ஒரு நாளைக்கு எத்தனையோ சங்கதி சொல்வாள். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்"தான்.

வடிவம்மாள் பேச்சுக்காரி. ஜெலுத்தோங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியின் கேண்டீனில் அவளுக்கு வேலை. காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டுவாள், இடைவேளைக்கு மீ நூடுல்ஸ் பிரட்டுவாள், சிராப் தண்ணீரில் ஐஸ் உடைத்துப் போடுவாள். இத்தனையும் செய்யும்போது வாய் தனியாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் பல் விழுந்தது முதல் அவர்களுடைய அத்தைமார் கல்யாணம் வரை அவளுக்குத் தெரியும். ரொட்டி கொண்டுவரும் காஜா மொய்தீன் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் ஓடவிட்டபடிதான் சரக்கை இறக்குவார். நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும் என்பார்.

ஆனால் அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஒன்பது வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தவள். கல்யாணம், பிள்ளை, நகராட்சியில் ரோடு போட்டுக்கொண்டிருந்த கணவன் முனுசாமியின் சாவு எல்லாம் இந்த மலாய்த் தீவில்தான். இருந்தும் கையில் இருந்தது சிவப்பு அடையாள கார்டு. சிவப்பு என்றால் வேலை செய்ய வருடா வருடம் பெர்மிட். அது ஒரு வருடம் கிடைக்காமல் போனால் அடுத்தது ஊருக்குக் கப்பல். அவளுடைய நாத்தனார் குடும்பம் அப்படித்தான் போனது. துறைமுகத்தில் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு வடிவம்மாள் குடியுரிமைக்கு மனுப் போட்டாள். இங்கே பிறந்த மகளுக்குக் குடிமக்களுக்கான நீலம். ஒரே வீட்டில், ஒரே தகர டப்பாவில், சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

முதல் நேர்காணலில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய்? வருடத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். வடிவம்மாள் தன் பஜார் மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வந்தது, அம்மா வராதது, தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனது, கடல் சீக்கு வந்து படுத்தது, அதனால் பத்து மாதம் அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பியது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த பூங்கோதை அம்மாவின் தொடையைக் கிள்ளினாள். பலன் இல்லை. அதிகாரி பேனாவை மூடினார். தொடர்ந்து இருந்த காலம் போதவில்லை, சில வருடம் கழித்து மறுபடி வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஜெலுத்தோங்கில் எந்தப் பேச்சு வந்தாலும் அது வடிவம்மாள் வாயில் வந்து முடிந்தது. மகளும் அன்றிலிருந்து கிளினிக், மின்சார ஆபீஸ், தபால் ஆபீஸ் எங்கே போனாலும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தானே பேசினாள். கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளுடைய மலாய் இன்னும் மெருகேறியிருந்தது. "நீங்க பேசாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்." வடிவம்மாள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டவளுக்கு, இந்த வாயை முழுசாகவே பூட்டி முருகனிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தப்புச் செய்தது வாய். தண்டனையும் வாய்க்குத்தான்.

நீல கார்டு வேண்டுமானால் நேர்காணலில் பேசியாக வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. போன தடவை நடந்ததை அவள் மனசு நேர்காணலாக வைத்துக்கொள்ளவில்லை. தன் வாய் செய்த குற்றமாகவே வைத்திருந்தது.

அவள் மௌனத்தால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டாம் நடை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பள்ளி விட்டதும் பஸ் ஒரு நடை போய்த் திரும்பும்வரை அவர்கள் கேண்டீன் பெஞ்சில் இருப்பார்கள். அடுப்பு கழுவிக்கொண்டே வடிவம்மாள் அவர்களுக்குக் கதை சொல்வாள். அந்தத் தை மாதம் ஓடிக்கொண்டிருந்தது கொக்குக் கதை. பூங்கோதை முன்பு எப்போதோ பள்ளி நூலகத்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்துவிட்டு வந்து சொன்னது. அதில் பனி, கோட்டை, வெள்ளைக்காரப் பறவை என்று என்னவெல்லாமோ இருந்தன. வடிவம்மாள் அவற்றை எடுத்துவிட்டுத் தன் வசதிக்கு வேறு போட்டுக்கொண்டாள்.

ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி. சின்னாத்தாள் இட்ட சாபத்தில் ஏழு பேரும் கொக்காகிவிட்டார்கள். ஜுரு ஆறு கடலில் விழுகிற இடத்தில், சேற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஃபெர்ரியில் போகிற சனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்கச்சி தாழை மடலை முள்ளோடு கிழித்து, ஏழு பேருக்கும் ஏழு சட்டை பின்னிப் போட்டால் சாபம் தீரும். ஆனால் பின்னி முடிக்கும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் ஏழு கொக்கும் நின்ற இடத்திலேயே விழுந்து சாகும். கையெல்லாம் ரத்தம், வாய் மட்டும் பூட்டு. ஒரு ராஜா அவளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கூட்டிப் போகிறான். பேசாத பெண் சூனியக்காரிதான் என்று மாமியார் கிளப்பிவிடுகிறாள். அவளைக் கொளுத்தச் சொல்லிவிட்டார்கள். மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். வண்டியிலும் அவள் பின்னுகிறாள். ஆறு சட்டை முடிந்துவிட்டது. ஏழாவதுக்கு ஒரு கை பாக்கி.

அந்த இடத்தில் பஸ் வந்துவிட்டது. மறுநாள் தைப்பூச விடுமுறை. அதற்கு மறுநாள் வடிவம்மாளுக்கு வாய் இல்லை.

வண்டியில் ஏறிய பெண் அப்படியே இருந்தாள். பிள்ளைகள் வந்து கேட்டார்கள், கெஞ்சினார்கள், கோபித்துக்கொண்டு சிராப் வாங்காமல் போனார்கள். கரண்டியால் மீ சட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் "அடுத்த ஆள் வா", இரண்டு தட்டினால் "வரிசையில நில்" என்று ஒரு வாரத்தில் பழகிப்போனது. கதைக்குத்தான் தட்டு இல்லை.

காஜா மொய்தீன் வேறு வழியில் முயன்றார். இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டே இறங்கினார். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரி சம்பல்தான் ஜெலுத்தோங்கிலேயே ஒண்ணாம் நம்பர் என்று ஊரே பேசுகிறதாம் என்று வருத்தத்தோடு சொன்னார். வடிவம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறக்கவில்லை. "யாக்கா, சாமிக்கு வேண்டினதெல்லாம் சரி. ஆனா ஒங்க சத்தம் இல்லாம எனக்கு ரொட்டிக் கணக்கே தப்புது" என்று அவர் ஒரு நாள் நிஜமாகவே சலித்துக்கொண்டார்.

மறுபடி போட்டிருந்த மனுவுக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது தைப்பூசம் முடிந்த அடுத்த மாதம். பூங்கோதை அதைப் படித்தாள். மலாய் மொழியில் வாய்மொழிச் சோதனை இருக்கும் என்று அதில் தெளிவாக இருந்தது. அவள் படித்துச் சொல்லி முடித்ததும் வடிவம்மாள் சட்டென்று சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகுதான் மகளுக்கே விஷயம் முழுதாகப் புரிந்தது. கார்டு வரும்வரை பேச மாட்டாள். பேசாவிட்டால் கார்டு வராது.

பூங்கோதை கத்தினாள். யாரைக் கேட்டு வேண்டிக்கொண்டீர்கள் என்றாள். பிறகு தானும் அன்றைக்கு "ம்" என்றுதானே சொன்னோம் என்று நினைத்து அடங்கினாள். கோயிலுக்குப் போய்ப் பண்டாரத்திடம் கேட்டாள். மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து படத்தடியில் வைத்து, வேண்டுதலைப் பிறகு செலுத்துகிறேன் என்று சொன்னால் போதும், முருகன் பொறுத்துக்கொள்வார் என்றார் அவர். வடிவம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள். பொறுத்துக்கொண்டுவிட்டு, கார்டையும் தராமல் விட்டால்?

பள்ளியில் கனகேஸ்வரி டீச்சருக்கும் சங்கதி போனது. யாழ்ப்பாணத்துக் கிளார்க் குடும்பத்திலிருந்து வந்தவர், இடைவேளையில் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பதைக்கூடச் சட்டம்போலச் சொல்பவர். கேண்டீனுக்கே வந்துவிட்டார்.

"வடிவம்மா, நீர் முருகனிட்ட எந்த மொழியில நேர்ந்தனீர்? தமிழிலதானே? அப்ப மலாயில கதைக்கிறது நேர்த்திக்குள்ள வராது. நான் சொல்றன், போய்க் கதையும்."

சமையற்கட்டே சிரித்தது. வடிவம்மாளும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

நேர்காணல் நாளன்று இருவரும் ஜெலுத்தோங் பஸ்ஸில் ஜார்ஜ் டவுனுக்குப் போனார்கள். பூங்கோதை பஸ்ஸில் உதடு அசையப் பாடம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். தமிழரின் நேர்த்திக்கடன், அதன் பண்பாட்டுப் பின்னணி, தன் தாயாரின் நிலை என்று அழகான வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். வடிவம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் அவர்களுக்கு முன்னால் ஒரு கிழவர், மகனோடு. அழைத்தபோது மகன்தான் பேசினான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சித்தி ஹாஜரா என்ற நடுவயதுப் பெண்மணி. அப்பாவைப் பேசவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். மகன் அப்பாவை முழங்கையால் இடித்தான். கிழவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் சொல் இல்லை. சரி, வேறொரு நாள் வாருங்கள் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வெளியே போகும்போது கிழவர் வடிவம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிந்தவர்போல.

வடிவம்மாளுக்கு அது உறுத்தியது. இவருக்கு வாய் இல்லை. எனக்கு வாய் இருக்கிறது, முருகனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தார்கள். அதிகாரி மலாயில் பெயரைக் கேட்டாள். வடிவம்மாள் கையைக் கூப்பினாள். பூங்கோதை தொடங்கினாள். மன்னிக்க வேண்டும் என்றாள், என் அம்மா ஒரு நோன்பில் இருக்கிறார் என்றாள். தைப்பூசம், அலகு, வேண்டுதல் எல்லாம் வரிசையாக வந்தன. குரல் நடுங்காமல், புத்தகத்து மலாயில், நன்றாகத்தான் பேசினாள். அதிகாரி கேட்டாள். தைப்பூசம் தனக்கும் தெரியும் என்றாள். எப்போது நோன்பு முடியும், அதற்குப் பிறகு ஒரு தேதி தருகிறேன் என்றாள். கார்டு கிடைக்கும்போது முடியும் என்று பூங்கோதை சொல்ல வேண்டியதாயிற்று.

சித்தி ஹாஜரா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தங்கச்சி, உங்கள் அம்மா பேசி என் காதில் விழாமல் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாள். உடனே பூங்கோதை வேறு ஏதோ விளக்க ஆரம்பித்தாள். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். என் அம்மா இப்படி, அவர் படிக்காதவர், அவர் பயந்த சுபாவம், அவருக்கு மொழி வராது.

வடிவம்மாள் மகளின் வாயைப் பார்த்தாள். பயந்த சுபாவமா? யார்? மாட்டு வண்டியில் போகிறவளைப் பற்றி ராஜாவும் மாமியாரும் பேசிக்கொள்வதுபோல இருந்தது. வண்டிப் பெண்ணாவது வாய் திறந்தால் ஏழு பேர் சாவார்கள். நான் திறந்தால் யார் சாவார்கள்? யாரும் இல்லை. இந்த மௌனம் யாரையும் காப்பாற்றவில்லை. வாயாடி என்று ஊர் சொன்ன சொல்லுக்கு வெட்கப்பட்டு நானே போட்டுக்கொண்ட பூட்டு. அதைக் கொண்டுபோய் முருகன் கையில் கொடுத்து, அவரையும் இதில் இழுத்துவிட்டேன்.

"சாயா" என்றாள் வடிவம்மாள். மலாயில் நான் என்று அர்த்தம். பல வாரம் உபயோகிக்காத தொண்டையிலிருந்து அது கரகரவென்று வந்தது. மகள் பாதி வாக்கியத்தில் நின்றாள். "சாயா வடிவம்மாள்."

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். எத்தனை வருடமாக இங்கே என்று கேட்டாள். வடிவம்மாள் வருடத்தைச் சொன்னாள். கடைசியாக எப்போது வெளிநாடு போனீர்கள்? அதற்கும் வருடத்தைச் சொன்னாள். அதோடு நிறுத்தினாள். நிறுத்துவது பேசுவதைவிடச் சிரமமாக இருந்தது. கடல் சீக்கு நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு வருடங்களையும் ஒரு பெயரையும் வைத்து மொழி தெரியும் என்று எழுத முடியாது. "இன்னும் கொஞ்சம் பேசுங்கள், மாக்சிக். ஏதாவது. வேலையில் என்ன செய்வீர்கள்?" மாக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி.

பிள்ளைகளுக்கு மீ போடுவேன் என்றாள். கதை சொல்வேன் என்றாள். என்ன கதை என்று அதிகாரி கேட்டாள்.

வடிவம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். தப்பும் தவறுமான மலாய்தான். கொக்குக்கு மலாயில் என்ன என்று தெரியாமல் எழுந்து ஒற்றைக் காலில் நின்று காட்டினாள். தாழைக்கு மெங்குவாங் என்று சந்தையில் கற்ற சொல் கைகொடுத்தது. மாமியாருக்கு அவள் கொடுத்த குரலைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாட்டு வண்டி வந்தது. ஆறு சட்டை முடிந்தது. ஏழாவதுக்கு ஒரு கை பாக்கி. அங்கே வந்ததும் அவள் ஒரு கணம் நின்றாள். இதற்கு மேல் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"ஏழு சட்டையையும் பறந்து வந்த கொக்குங்க மேல தூக்கி வீசினாள்" என்றாள். "கை வைக்காததையும் சேர்த்து. எல்லாரும் மனுசன் ஆயிட்டாங்க. அப்புறம் அவள் வாயைத் திறந்தாள் பாருங்க. அத்தனை நாள் அடக்கி வெச்சதெல்லாம் சொன்னாள். மாமியாரைச் சொன்னாள், ராஜாவைச் சொன்னாள். ராஜா காதைப் பொத்திக்கிட்டான். போதும், மாட்டை அவிழ்த்து விடுங்கன்னு சொல்லிட்டான்."

சித்தி ஹாஜரா இப்போது சிரித்தாள். "அந்த ஏழாவது அண்ணன்?"

"ஒரு பக்கம் இறக்கையாவே நின்னுபோச்சு. என்ன செய்றது. சட்டைக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு வேலைக்குப் போனான்."

அதிகாரி எதையோ எழுதினாள். முடிவு மேலிடத்திலிருந்து வரும், காலம் ஆகும் என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் பூங்கோதை அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெலுத்தோங் சந்தை தாண்டியதும், "நீங்க இவ்ளோ மலாய் பேசுவீங்களாம்மா?" என்றாள்.

"நீ எங்கடி பேச விட்டே" என்றாள் வடிவம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அன்றைக்கெல்லாம் மகளோடு இருந்தது. அம்மாவுக்காகப் பேசினோமா, அம்மாவின் பேச்சுக்கு வெட்கப்பட்டுப் பேசினோமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விடை வந்தது. வந்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வடிவம்மாள் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். பண்டாரம் சொன்னபடி பிற்பாடு செலுத்துகிறேன் என்று சொல்லவில்லை. முருகனிடம் தனியாக ஒரு ஏற்பாடு பேசினாள். மொத்தமாக வாயை மூட என்னால் ஆகாது, வெள்ளிக்கிழமை மட்டும் உனக்கு. நான் இருக்கிற வரைக்கும். சம்மதமா இல்லையா என்று நீயே காட்டு.

காட்ட அவர் அவசரப்படவில்லை. அந்த வருடம் போனது. மறு தைப்பூசமும் போனது. பெர்மிட் புதுப்பிக்கப் போன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாத்தனார் போன கப்பல் நினைவுக்கு வந்தது. வாக்குத் தவறியவளுக்கு எப்படிக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். மற்ற நாளாக இருந்தால் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் கேட்டுக்கொண்டு போனாள். கேண்டீன் பிள்ளைகளுக்குக் கொக்குக் கதையை இறக்கைவரை சொல்லி முடித்திருந்தாள்; வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கரண்டித் தட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்குக் கதை கிடையாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "இன்னிக்கு அக்காவுக்கு இறக்கை நாள்" என்று புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரை யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

நீல கார்டு தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று செய்தி வந்தபோது குறித்திருந்த நாள் வெள்ளிக்கிழமை. வேறு நாள் போகலாமா என்று பூங்கோதை கேட்டாள். வடிவம்மாள் அதற்குள் சேலை மாற்றிவிட்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்த இளைஞன் தலையைத் தூக்காமல் பெயரைக் கேட்டான். பூங்கோதை வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ இருமினார்கள். இளைஞன் நிமிர்ந்து மறுபடியும் கேட்டான்.

வடிவம்மாள் பழைய சிவப்பு கார்டை அவன் முன்னால் வைத்தாள். அதிலிருந்த படத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். அவன் படத்தையும் அவளையும் ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் நீல கார்டை எடுத்து வந்தான். கைநாட்டு வாங்கினான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வழியெல்லாம் அவள் கார்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை காலை காஜா மொய்தீன் ரொட்டி இறக்க வந்தபோது அவரிடம் அந்தக் கார்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று அவர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.